ரெண்டுசுத்து எடுத்த படம்

பாலாற்றங்கரையில் நடமாடிய பொய்யர்களிலேயே மிக யோக்கியமானவர் யார் என்று கேட்டால், யோசிக்காமல் ‘ரெண்டுசுத்து’ என்பேன். அவருடைய சொந்தப் பெயர் ஆம்பூரில் எவருக்கும் தெரியாது. அவருக்கே ஞாபகம் இருந்ததா என்பதும் சந்தேகம்தான்.

அவருக்கிருந்த ஒரே ஆஸ்தி, படம் பிடிக்கிற ஒரு சினிமாப் பெட்டி. மரத்தால் செய்தது, பக்கவாட்டில் பித்தளைக் கைப்பிடி. பட்டணத்தில் படங்கள் பேசத் தொடங்கியதும் அந்தப் பெட்டியை அங்கே யாரும் சீந்தவில்லை. மனிதர் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு எங்கள் பக்கம் வந்துவிட்டார். கைப்பிடியை வினாடிக்கு இரண்டு சுற்று சுற்ற வேண்டும், கூடவும் கூடாது குறையவும் கூடாது என்பது அவருடைய வேதம். கணக்குத் தப்பாமலிருக்க, “இட்லி, சட்னி, இட்லி, சட்னி” என்று முணுமுணுத்துக்கொண்டே சுற்றுவார். இட்லிக்கு ஒரு சுற்று, சட்னிக்கு ஒரு சுற்று.

உலகத்தில் எது சுற்றினாலும் அவருக்குக் கண் அங்கேதான். பக்கத்து வீட்டு அம்மாள் மாவாட்ட உட்கார்ந்தால் போய் நின்றுகொள்வார்.

“இம்மாம் மெதுவா சுத்தாதம்மா. மெதுவா சுத்தினா படத்துல ஆளுங்க குதிச்சி ஓடுவாங்க.”

“மாவு எங்கியும் ஓடாது. நீ போய்யா அந்தாண்ட!”

வேதத்துக்கும் ஓர் ஓட்டை இருந்தது. அது பசி. பசி வந்தால் இட்லியும் சட்னியும் வேகம் பிடித்துவிடும். கை வேகமானால் திரையில் எல்லாம் மெதுவாகிவிடும்; ஆட்கள் ஆடி அசைந்து நடப்பார்கள். சாப்பிட்டுவிட்டாலோ கை தளர்ந்துவிடும். பள்ளிகொண்டாவில் உண்ட மயக்கத்தில் அவர் எடுத்த தேர், திரையில் குதிரை வண்டி மாதிரி பறந்தது என்று பேச்சு.

பொய்யர் என்றேனே, அதற்கு வருகிறேன். பிலிம் சுலபமாகக் கிடைக்காத சாமான். ஊரில் எல்லோருக்கும் படத்தில் தலைகாட்ட ஆசை. இவருக்கோ யாரிடமும் மாட்டேன் என்று சொல்ல வாய் வராது. பிலிமைக் கழற்றி வைத்துவிட்டு, வெறும் பெட்டியை வைத்துச் சுற்றுவார். அதற்குக் ‘காலி சுத்து’ என்று பெயர். விரிஞ்சிபுரத்து மிராசுதார் ஒருவர் குடையும் இரண்டு சம்சாரமுமாக வந்து அரை மணி நேரம் காலி சுத்துக்கு நின்றார். “படம் எப்போ வரும்?” என்று கேட்கும்போதெல்லாம் “கழுவப் போயிருக்குதுங்க” என்று பணிவாகப் பதில் வரும். மூன்று வருஷம் கழுவினார்கள்.

நான் அப்போது தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் கணக்கெழுதும் ரைட்டர். கோட்டுப் போட்ட ரைட்டர். அதே ஷாப்பில் என் நைனா, சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோல் புரட்டுகிறவர். அவர் குழியில் நின்றதால்தான் நான் பெஞ்சியில் உட்கார்ந்து இங்கிலீஷ் படித்தேன். படித்து நான் செய்த பெரிய காரியம், எங்கள் தோலைச் சீமைக்கு விற்றுத்தரும் பட்டணத்து ஏஜெண்ட்டிடம் “என் தகப்பனாருக்குத் திருப்பத்தூர் பக்கம் நிலபுலன்” என்று அளந்துவிட்டதுதான். இதை எழுதும்போதும் காது சுடுகிறது.

இந்த லட்சணத்தில், சீமையில் தோல் வாங்குகிறவர்களுக்கு அனுப்ப ஷாப்பைப் படம் எடுக்கச் சொல்லிவிட்டார் முதலாளி சாயபு. ஏஜெண்ட் அந்தப் படத்தைப் பார்ப்பாரே! ரெண்டுசுத்தைத் தனியே அழைத்துப் போனேன்.

“சுண்ணாம்புக் குழிக்கு மட்டும் காலி சுத்து சுத்திடுங்க.”

“இன்னாத்துக்கு சார்?”

“பாக்க நல்லா இருக்காது.”

சரியென்று தலையை ஆட்டினார்.

நைனா அன்று முகம் மழித்து, வெளுத்த முண்டாசு கட்டிக்கொண்டு குழியில் இறங்கி நின்றார். பெட்டியைச் சாமி மாதிரி பார்த்து ஒரு கும்பிடு போட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“கண்ணு, நீயும் வந்து பக்கத்துல நில்லுடா.”

போய்க் குழியோரம் நின்றேன். காலிப் பெட்டிதானே, எவன் பார்க்கப்போகிறான்? நாற்றம் குடலைப் பிடுங்கியது. கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டேன். உச்சிவேளை. ரெண்டுசுத்துக்குப் பசி. “இட்லிசட்னி இட்லிசட்னி” என்று பொழிந்துகொண்டிருந்தார்.

படம் கழுவி வந்தது. இது நிஜமாகவே கழுவப் போன படம். தோல் கிடங்கின் கதவைச் சாத்தி, ஜன்னல்களுக்குச் சாக்குக் கட்டி, பட்டப்பகலில் காட்டினார்கள். முன்னால் முதலாளியும் ஏஜெண்ட்டும். பின்னால் ஆவாரம்பட்டைக் கட்டுகள்மேல் தொழிலாளிகள்.

திரையில் சுண்ணாம்புக் குழி வந்தது.

“அதோ நான்!” என்று எழுந்து கத்தினார் நைனா. “பக்கத்துல பாருங்க, என் புள்ள! ரைட்டரு!”

ஏஜெண்ட் திரும்பி என்னைப் பார்த்தார். திரையில் என் கை மெதுவாகப் பைக்குள் போனது. மெதுவாக வெளியே வந்தது. பாவி மனிதரின் பசியால், அந்தக் கைக்குட்டை என் மூக்குக்கு வந்து சேர ஒரு யுகம் பிடித்தது. குழியில் நைனா சிரித்தபடி என்னை அண்ணாந்து பார்க்கிறார். நான் மூக்கைப் பொத்தி மெல்ல முகத்தைத் திருப்புகிறேன். கிடங்கில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

“அன்னிக்கி உனுக்கு ஜலதோஷமா கண்ணு?” என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார் நைனா. “சொல்லவே இல்லியே?”

“ஆமா நைனா” என்றேன். அவர் நம்பித்தான் கேட்டாரா, என் மானத்தைக் காப்பாற்றக் கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எல்லோரும் போனபின் ரெண்டுசுத்தைப் பிடித்து உலுக்கினேன்.

“காலி சுத்துன்னுதானே சொன்னேன்?”

“எத்தினியோ பேரு பொட்டி முன்னாடி நின்னாங்க சார். உங்க நைனாதான் அதுக்குக் கும்புடு போட்டாரு. அவருக்குக் காலி சுத்து சுத்த கை வரல.” சட்டைப் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார். “சீமைக்குப் போறதுக்குள்ள வேணும்னா வெட்டிட்றேன். ஆனா ரெண்டு பேரும் ஒரே துண்டுல கீறீங்க. உங்கள வெட்டினா அவரும் போய்டுவாரு.”

கத்தரிக்கோலை வாங்கி அவருடைய சட்டைப் பையிலேயே திரும்பப் போட்டேன்.

“வேணாம்” என்றேன். “அப்படியே போவட்டும்.”

போயிற்று. சீமையில் எந்தெந்தத் துரைகள் என் கைக்குட்டையைப் பார்த்தார்களோ! பார்க்கட்டும், பக்கத்தில் நைனாவையும் பார்த்திருப்பார்கள். அடுத்த வருஷம் ரெண்டுசுத்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு எந்த ஊருக்கோ போய்விட்டார். எங்கிருந்தாலும், அந்த மனிதருக்கு வேளாவேளைக்கு இட்லி கிடைக்கட்டும், சட்னியோடு.