தேதியும் ஒரே ஒரு பூட்டும்

பழக்கதோஷத்தில் தப்பான பக்கம் நிறுத்திய தன் சொந்த சைக்கிளுக்கே பூட்டுப் போட்டுவிட்டு, நடந்தே வீட்டுக்குப் போன நகராட்சி ஊழியர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் தெரு 'தேதி'.

பூந்தமல்லியில் எங்கள் கடைத்தெரு ரொம்பக் குறுகல். ஒற்றைப்படைத் தேதியில் பேக்கரி பக்கம், இரட்டைப்படைத் தேதியில் பள்ளிவாசல் பக்கம்தான் வண்டி நிறுத்தலாம் என்று நகராட்சி பலகை வைத்தது. அதைக் கவனிக்க ஒப்பந்தத்தில் ஓர் ஆளையும் போட்டது. கழுத்தில் சணல் கயிறு கட்டி தினசரி காலண்டரைத் தொங்கவிட்டுக்கொண்டு வருவார். அதனால் தேதி. உண்மைப் பெயரை யாரும் கேட்டதில்லை.

சக்கரத்தில் மாட்டும் மஞ்சள் பூட்டு ஒன்றே ஒன்றுதான் கொடுத்திருந்தார்கள். காலையில் முதலில் மாட்டிக்கொள்பவர் தியாகி. மற்றவர்கள் அன்று முழுக்க இஷ்டத்துக்கு நிறுத்துவோம். சைக்கிள் பூட்டப்பட்ட அன்று தெருவே குஷியாக இருந்தது.

தினசரி காலண்டரில் ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, இஸ்லாமிய மாதத்தின் பிறை என்று மூன்று இருக்கின்றன. பலகையில் எந்தத் தேதி என்று எழுதவில்லை. எனக்கு இது போதாதா? ஓர் ஆகஸ்ட் மூன்றாம் தேதி பள்ளிவாசல் பக்கம் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வாதாடினேன்.

"இன்னிக்கு ஆடிப் பதினெட்டுண்ணே. ரெட்டப்படை!"

"ஆடித் தள்ளுபடிலாம் துணிக்கடைல போயி கேளு சார். இங்க இங்கிலீஷ் மூணு."

க்ளிக். பூட்டு விழுந்தது.

இன்னொரு நாள் பிரியாணிக் கடை பாய் எனக்கும் மேலே போனார்.

"நைனா, இன்னிக்கு பிறை எட்டு."

"பிறைய வானத்துல பாரு பாய். ரோட்ல போர்டப் பாரு."

அந்த பாய் ஒரு முதல் தேதி காலையில் வசமாக மாட்டினார். நேற்று ஒற்றைப்படை என்றால் இன்று இரட்டைப்படைதானே என்று வேனைப் பள்ளிவாசல் பக்கம் நிறுத்திவிட்டார். நேற்று முப்பத்தொன்று, இன்று ஒன்று, இரண்டுமே ஒற்றைப்படை என்பது கல்யாண அவசரத்தில் அவருக்கு உறைக்கவில்லை. தேதி வந்து பூட்டியதைக் கவனிக்காமல் நான்கு அண்டா பிரியாணியையும் ஏற்றிவிட்டார். நசரத்பேட்டையில் அவர் தங்கை மகளுக்கு நிக்காஹ். இறக்கி வேறு வண்டியில் ஏற்ற நேரமில்லை.

அதிகாரி வந்து கையெழுத்துப் போட்டால்தான் பூட்டைத் திறக்கலாம். தானாகத் திறந்தால் தேதிக்கு வேலை போய்விடும். போன் போட்டார். அதிகாரி மீட்டிங்கில் இருந்தார். பாய் வாதாடவே இல்லை. வேன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்பன் இல்லாத பொண்ணு நைனா. சோறு போவலன்னா மாப்ள ஊட்டுக்காரங்க எதிர்ல தல குனிஞ்சிகினு நிக்கும்."

தேதி காலண்டரைத் தூக்கிக் கண்ணருகே வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு குனிந்து பூட்டைத் திறந்தார்.

"கெளம்பு பாய். குந்திகினே கீறியே!"

பதிவேட்டில் எழுதினார்: 'பிறை பன்னிரண்டு. இரட்டைப்படை. வண்டி சரியான பக்கம். தவறிப் பூட்டியது நான்.'

மதியம் வந்த அதிகாரி அதைப் படித்துவிட்டுக் கத்தினார். "இன்னாய்யா இது, பிறை?"

"போர்டுல எந்தத் தேதின்னு போடலியே சார்."

அவரைச் சீண்டுவதற்காக நாங்கள் சொன்ன வாதம். அதை இப்போது அவர் வாயாலேயே கேட்டேன். தெருவே திரண்டு கெஞ்சியதில் வேலை தப்பியது. ஆனால் பஸ் நிலையத்துக்குப் பின்னால் வேறு தெருவுக்கு மாற்றிவிட்டார்கள். எங்கள் பலகையில் இப்போது 'ஆங்கிலத் தேதி' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் எனக்கு ஒரு வேலையும் கிடையாது. ஆனாலும் மாதம் ஒருமுறை அங்கே போய், வேண்டுமென்றே தப்பான பக்கம் ஸ்கூட்டரை நிறுத்துகிறேன். அவர் திட்டிக்கொண்டே பூட்டுவார். சேர்ந்து ஒரு டீ குடித்துவிட்டு, நான் நடந்தே வீட்டுக்கு வருகிறேன்.