மாமியார் பெயரில் ஒரு சிலந்தி

பெண் கேட்கப் போகிறவர்கள் பூ, பழம், ஸ்வீட் பாக்ஸ் என்று ஏதாவது கொண்டுபோவார்கள். நான் சிலந்தி கொண்டுபோனேன். (சிரிக்காதீர்கள், அப்போது அது மகா புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.)

நான் ஆராய்ச்சி மாணவன். வலை பின்னாமல், சருகுக்கடியில் ஓடித் திரிந்து இரை பிடிக்கும் தரைச் சிலந்திகள்தான் என் பாடம். நான் காதலித்த செல்வியின் அம்மா தி.நகரில் ஜவுளிக்கடை நடத்துகிறவர், ஊர் திருநெல்வேலிப் பக்கம். "பூச்சி பிடிக்கவனுக்கா பொண்ணு குடுப்பாவ?" என்று ஒரே வரியில் என் கதையை முடித்திருந்தார்.

அந்தச் சமயம் பார்த்து, அடையாறில் ஒரு தோட்டத்துச் சருகில் இரண்டு சிலந்திகள் சிக்கின. ஒன்று பருத்தது, பழுப்பு நிறம். மற்றது ஒல்லி, கறுப்பு, முதுகில் வெள்ளைக் கோடு. எனக்குத் தெரிந்த எந்தப் புத்தகத்திலும் இரண்டும் இல்லை. இரண்டு புதிய இனங்கள்! அந்தக் காலத்து இயற்கை ஆய்வாளர்கள் புதிதாகக் கண்ட உயிருக்குக் கவர்னர் பெயரை வைத்துக் காரியம் சாதித்திருக்கிறார்கள். நான் மட்டும் இளைத்தவனா? பெரியதற்குச் செல்வியின் அம்மா பெயர், சின்னதற்கு அப்பா பெயர் என்று முடிவு செய்தேன். "முதல்ல மைக்ராஸ்கோப்ல வச்சுப் பாருப்பா" என்றார் பேராசிரியர். யார் கேட்டது?

செல்வி கெஞ்சிக் கூத்தாடிப் பத்து நிமிடம் வாங்கிக் கொடுத்தாள். கண்ணாடி ஜாடியின் நடுவே அட்டையைச் செருகி, இரண்டையும் பிரித்துக் கொண்டுபோனேன். "ரெண்டும் புது இனம். இந்தப் பக்கம் அத்தை பேரு, அந்தப் பக்கம் மாமா பேரு" என்று நீட்டினேன். அத்தை வாங்கித் திருப்பினார். அட்டை சரிந்தது.

ஒல்லிச் சிலந்தி முன்னங்கால்களை நடுக்கிக்கொண்டே பருத்ததை நெருங்கி, அதன்மேல் மெல்லத் தட்டியது. ஆண் சிலந்தி பெண்ணை அப்படித்தான் நெருங்கும். இரண்டும் ஒரே இனம்!

நிறத்தையும் பருமனையும் பார்த்து, ஆணையும் பெண்ணையும் தனித்தனி இனமாக எழுதிவைத்த பழைய ஆய்வாளர்களை கேன்டீனில் உட்கார்ந்து கேலி செய்தவன் நான். அவர்களுக்காவது கப்பலில் வந்தது செத்த சிலந்தி. எனக்கு உயிரோடு கிடைத்திருந்தது.

"அத்தை, தப்புப் பண்ணிட்டேன். இது ரெண்டு இனமில்ல. புருஷன் பொண்டாட்டி."

(சொல்லி முடிப்பதற்குள் பொண்டாட்டி புருஷனைத் தின்ன ஆரம்பித்துவிட்டது.)

மாமா எட்டிப் பார்த்தார். "பேரு சரியாத்தான் வச்சிருக்கீரு, தம்பி."

செல்வியை இழந்துவிட்டேன் என்றே நினைத்தேன். அத்தை ஜாடியை மேசைமேல் வைத்தார்.

"இத்தன வருசமா கடை நடத்துதேன். சாயம் போற சேலைய எங்கிட்ட வித்துட்டு, தப்பு என்னுதுன்னு சொன்ன ஒருத்தன நான் பாக்கல. இவன் கேக்காமலே சொல்லுதான். ஏளா செல்வி, காப்பி கொண்டா."

அந்தக் காப்பியைப் போல ஒரு காப்பியை நான் இன்றுவரை குடித்ததில்லை.

கல்யாணமாகி எட்டு வருடமாகிறது. இப்போதும் அத்தை குரலை உயர்த்தினால் மாமா நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்திக்கொண்டு என்னைத்தான் கூப்பிடுகிறார்: "மாப்ள, அந்த அட்டைய எடுத்துட்டு வாரும்!"