ஷேடு சாரின் மூக்கு

ஞாயிற்றுக்கிழமை காலை, பல் விளக்கிவிட்டு வாயைத் துடைப்பதற்குள் ஷேடு சார் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். இனிமேல் இந்த வீட்டில் எந்த மெழுகுவத்திக்கு என்ன வாசனை, எந்த வாசனைக்கு என்ன கலர் என்பதையெல்லாம் அவர்தான் தீர்மானிப்பார். மனைவி இல்லை. அவர்.

ஷேடு சார் என்பது அவர் வேலை பார்க்கிற பெயிண்ட் கடையில் வைத்த பெயர். வெள்ளையில் எத்தனை வெள்ளை உண்டு என்று யாராவது தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டால், கேட்டவர் கொட்டாவி விடும் வரை சொல்லுவார். முட்டை ஓட்டு வெள்ளை, பால் வெள்ளை, பாலில் கொஞ்சம் தண்ணீர் விட்ட வெள்ளை. வீட்டில் கொடியில் தொங்குகிற துண்டில் தன் துண்டு எது, மனைவி துண்டு எது என்று மட்டும் கல்யாணமான நாளிலிருந்து அவருக்குத் தெரியாது.

அவருடைய திடீர் முடிவுக்குக் காரணம் ஒரு சின்ன அறை.

"என்னங்க, அந்த ரூமை எனக்குக் குடுத்துடுங்க" என்றாள் மனைவி.

"எந்த ரூமை?"

"நம்ம வீடு என்ன அரண்மனையா, எந்த ரூம்னு கேக்கறதுக்கு? நீங்க ரேடியோ ரிப்பேர் பண்றேன்னு உள்ளே போய்க் குறட்டை விடுவீங்களே, அந்த ரூம்."

அந்த அறையில் ஒரு சாய்வு நாற்காலியும், உயிர் போன நாலைந்து ரேடியோக்களும் இருந்தன. அதெல்லாம் பெரிதில்லை. அந்த வீட்டிலேயே உள்பக்கம் தாழ்ப்பாள் சரியாக விழுகிற ஒரே கதவு அதற்குத்தான். ஞாயிறு மதியம் அந்தத் தாழ்ப்பாள் 'டக்' என்று விழுகிற சத்தத்துக்காகவே அவர் வாரம் முழுக்கப் பெயிண்ட் டப்பா தூக்கினார்.

மனைவி பக்கமும் நியாயம் இருந்தது. குழந்தை தூங்குகிற நேரத்தில் பொழுது போகட்டும் என்று அவள் மெழுகுவத்தி செய்ய ஆரம்பித்தாள். முதலில் எதிர்வீட்டுத் தையல்கார அக்கா வாங்கினாள். அப்புறம் தெருவே வாங்கியது. இப்போது பரிசுப் பொருள் கடைக்காரர் ஒருவர் மாதிரி பார்த்துவிட்டு ஆர்டர் தருகிறேன் என்றிருக்கிறார். எல்லாம் அடுப்படியில்தான். மெழுகு உருக்குகிற பாத்திரம் ஒரு பக்கம், சாம்பார் ஒரு பக்கம். இதற்கிடையில் வாண்டு நடக்கப் பழகிவிட்டது. போன வாரம் மெழுகுப் பாத்திரத்தின் கீழே விரித்திருந்த துணியைப் பிடித்து இழுத்துவிட்டது. மனைவி பாய்ந்து போய்ப் பாத்திரத்தைப் பிடித்தாள்.

"அன்னிக்கு நான் பிடிக்காம இருந்தா என்ன ஆயிருக்கும் சொல்லுங்க. கதவு சாத்தி வேலை செய்ய ஒரு இடம் வேணும்."

அவள் அதைச் சத்தம் போடாமல் சொன்னாள். அதனாலேயே அது நியாயமாகவும் பட்டது. ஆனாலும் தாழ்ப்பாள் தாழ்ப்பாள்தானே? துடைத்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு (அது மனைவியின் துண்டு) அவர் யோசனையை எடுத்துவிட்டார்.

"உனக்கு இடம் பத்தாம இல்ல. வாசனை அதிகமாயிடுச்சு! ரோஜாங்கறே, புதினாங்கறே, மழை பேஞ்ச மண்ணுங்கறே. மண்ணை யாராவது கொளுத்துவாங்களா? மூணு வாசனை, மூணு கலர் போதும். சாமான் குறைஞ்சா ஒரே தட்டுல வெச்சுப் பரண்மேல ஏத்திடலாம். வாண்டு தூங்கறப்போ இறக்கி வேலை செய். ரூமே தேவையில்ல!"

"அந்த மூணு எதுன்னு யார் சொல்றது?"

"நான்தான்."

"நீங்களா?"

"ஏன், எனக்கு மூக்கு இல்லையா?"

"இருக்கே. மூஞ்சிக்கு நடுவுல நல்லா எடுப்பாவே இருக்கு."

"பாரு, பந்தயம் கட்டறேன். இன்னிக்குக் கடைக்காரர் வர்றாரில்ல? அவர் வர்றதுக்குள்ள மூணை நான் பொறுக்கி வைக்கறேன். அவர் தலையாட்டினா ரூம் எனக்கு. இல்லேன்னா உனக்கு."

ஷேடு சார் ஒரு சண்டையை எதிர்பார்த்தார். குறைந்தது ஒரு முணுமுணுப்பையாவது எதிர்பார்த்தார்.

"சரிங்க" என்றாள் மனைவி.

இவ்வளவு சீக்கிரம் வந்த 'சரிங்க' அவருக்குக் கொஞ்சம் சந்தேகமாக இருந்தது. ஆனால் பேசியது பேசியதுதான்.

சாப்பாட்டு மேசைமேல் ஒரு தட்டில் சின்னச் சின்னக் கப்புகளில் ரோஸ், பச்சை, மஞ்சள், பழுப்பு, நீலம், ஊதா என்று கலர் கலராக மெழுகுவத்திகள் இருந்தன. ஒவ்வொரு கப்பின் பக்கத்திலும் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தது. ரோஜா, புதினா, எலுமிச்சை, மல்லிகை, காபி என்று மனைவியின் குண்டு குண்டு எழுத்து. ஷேடு சார் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"என்னங்க, அதுல ஒரு விஷயம்..."

"பேசக் கூடாது!"

"இல்லீங்க, அந்தக் கப்புல இன்னும்..."

"உஷ்! நீ பேசினா என் மூக்கு கலங்கிடும்."

மனைவி துணி வாளியைத் தூக்கினாள்.

"மாடிக்குத் துணி காயப்போடப் போறேன். வாண்டைப் பார்த்துக்குங்க."

ரோஸ் நிறக் கப்பை எடுத்தார். சீட்டைப் படித்தார். மோந்தார். ரோஜா! சந்தேகமே இல்லை. பச்சையை எடுத்தார். புதினா! மூக்கு ஜில்லென்று ஒரு தும்மல்கூட வந்தது. மஞ்சளை மோந்தார், வாயில் எச்சில் ஊறியது. பழுப்பை மோந்தார், உடனே ஒரு டம்ளர் காபி வேண்டும்போல் இருந்தது. அடடா, இவ்வளவு நாளாக இந்த மூக்கைப் பெயிண்ட் கடையில் வீணடித்துவிட்டேனே என்று தன்மேலேயே அவருக்கு ஒரு பரிதாபம் வந்தது.

தொல்லை அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. சரிபார்க்கலாம் என்று கண்ணை மூடிக்கொண்டு மறுபடி ஒன்றை எடுத்து மோந்தார். எலுமிச்சை. கண்ணைத் திறந்தார். ரோஸ் கப்பு. இன்னொன்றை மோந்தார். ரோஜா. திறந்தால் காபி. பல நாள் மெழுகு உருக்கிய வீடு. சுவர், திரை, தலையணை எல்லாமே ஒரு கதம்ப வாசனை அடித்தது. மூக்கைச் சரிசெய்யத் தன் சட்டைக் கையை மோந்தார். அதுவும் அதே வாசனை. செய்தித்தாளை மோந்தார். அதே. வாண்டைத் தூக்கி உச்சந்தலையை மோந்தார். குழந்தைகூட மல்லிகையா புதினாவா என்று தெரியாமல் மணந்தது.

அந்த நேரம் பார்த்துத் தையல்கார அக்கா உள்ளே வந்தாள். இரவல் வாங்கிப்போன கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவள், மேசையைப் பார்த்து நின்றாள்.

"என்ன தம்பி, கடை விரிச்சிருக்கீங்க?"

"செலக்‌ஷன் நடக்குதுக்கா. இதை மோந்து பாருங்க. புதினா."

அக்கா மோந்தாள். நெற்றியைச் சுருக்கினாள். மறுபடி மோந்தாள்.

"தம்பி, இதுல ஒண்ணும்..."

அவள் கண் ஷேடு சாரின் தோளுக்குப் பின்னால், மாடிப்படிப் பக்கம் போனது. போன கண் அங்கேயே கொஞ்சம் நின்றது. திரும்பி வந்தபோது அக்காவின் முகமே மாறியிருந்தது.

"...ஒண்ணும் குறையே இல்லன்னு சொல்ல வந்தேன். அடேயப்பா! என்னமா தூக்குது!"

ஷேடு சார் திரும்பிப் பார்த்தார். படியில் யாரும் இல்லை.

"அப்போ புதினாவுக்குப் பச்சை. சரிதானேக்கா?"

"பச்சையா? பச்சைன்னா பார்த்ததுமே புதினான்னு தெரிஞ்சுடுமே. அப்புறம் யார் மோந்து பார்ப்பா?"

"ஆமா, அதுவும் சரி. அப்போ ஊதா?"

"ஊதாவுல புதினா வந்தா கெட்டுப்போன புதினான்னு நினைச்சுப்பாங்களே."

"வெள்ளை?"

"எந்த வெள்ளை தம்பி?"

அந்தக் கேள்வியை இதுவரை அவர்தான் மற்றவர்களிடம் கேட்டிருக்கிறார். யாரும் அவரிடம் கேட்டதில்லை. ஷேடு சாருக்கு வியர்த்துவிட்டது. ரோஜாச் சீட்டை நீலக் கப்புக்கு மாற்றினார். காபியை ரோஸுக்குக் கொண்டுபோனார். எலுமிச்சையை எங்கே வைத்தோம் என்று தேடினார். மனத்துக்குள் ஒரு பெரிய குழப்ப வாளியில் எல்லாச் சாயமும் கொட்டிக் கலங்கியது. கடைசியில் எல்லாம் சேர்ந்து ஒரு சேற்று நிறம்தான் மிஞ்சியது.

"நல்லா யோசிச்சு செய்யுங்க தம்பி" என்று அக்கா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு போனாள். வாசல் தாண்டியதும் அவளுக்கு ஏனோ பலமாக இருமல் வந்தது.

அவர் திரும்பி மேசையைப் பார்த்தார். வாண்டு நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டிருந்தது. நெற்றியில் 'ரோஜா'. கன்னத்தில் 'காபி'. தொப்புளில் 'எலுமிச்சை'. கப்புகளில் ஒரு சீட்டும் இல்லை.

"அட என் செல்லமே! எதை எதுலேர்ந்து பிச்சே? அப்பாகிட்ட சொல்லுடா!"

"ப்பூ" என்றது வாண்டு.

வாசலில் மணி அடித்தது.

ஷேடு சார் குழந்தையின் தொப்புளிலிருந்து எலுமிச்சையை உரித்து முதலில் அகப்பட்ட கப்பில் ஒட்டினார். ரோஜாவை இன்னொன்றில். காபியை மூன்றாவதில். ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். வாசலில் ஒருவர் நின்றார், கையில் மஞ்சள் பை, காதில் செருகிய பென்சில். ஆர்டர் எழுதத் தயாராகவே வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்.

"இந்த வீட்டு அக்கா இருக்காங்களா?"

"அக்கா மாடியில. இங்கே எல்லாம் நான்தான். வாங்க, உக்காருங்க. இதைக் கொஞ்சம் மோந்து பாருங்க."

வந்தவர் தயங்கினார். "நானா?"

"நீங்கதான் பார்க்கணும். நீலம்! பார்த்தா வானம்னு நினைப்பீங்க. கண்ணை மூடுங்க. இழுங்க. என்ன தெரியுது?"

வந்தவர் கண்ணை மூடிக்கொண்டு பலமாக இழுத்தார்.

"நல்லா இருக்குங்க."

"எந்த மாதிரி நல்லா இருக்கு?"

"நல்ல மாதிரிங்க."

"ரோஜா! நீலத்துல ரோஜா! யாருக்காவது தோணுமா?"

"தோணாதுங்க" என்றார் அவர் உண்மையாகவே.

மூன்றுக்கும் தலையாட்டினார். ஒவ்வொரு தரம் தலையாட்டியபோதும் அவர் கை மேசை விளிம்பைத் தடவியது, அடிப்பலகையைத் தட்டிப் பார்த்தது. சரக்கை மட்டும் பார்க்காமல் வீட்டின் தரத்தையே பார்க்கிறார், பெரிய வியாபாரிதான் என்று ஷேடு சாருக்குப் பெருமை தாங்கவில்லை.

"எத்தனை அடுக்கு போடலாம்னு இருக்கீங்க?" என்று கேட்டார் வந்தவர்.

"நீங்க எத்தனை அடுக்கினாலும் வித்துடும்! கவலையே படாதீங்க!"

மாடியிலிருந்து மனைவி காலி வாளியோடு இறங்கி வந்தாள். ஷேடு சார் இரண்டு கையையும் தூக்கினார்.

"முடிஞ்சுது! மூணுக்கும் தலையாட்டிட்டார்! ரூம் எனக்கு!"

"எந்த மூணுக்கு?"

"இதோ! நீல ரோஜா, பச்சைக் காபி, ஊதா எலுமிச்சை!"

மனைவி வாளியைக் கீழே வைத்தாள்.

"அதுல வாசனையே இன்னும் ஊத்தலீங்களே."

"என்னது?"

"சாயம் மெழுகுல எப்படி இறங்குதுன்னு பார்க்க வெறும் மெழுகுதாங்க ஊத்தி வெச்சேன். எதுக்கு எதை ஊத்தறதுன்னு மறந்துடாம இருக்கச் சீட்டு ஒட்டினேன். காலையில சொல்ல வந்தேன், நீங்கதான் உஷ்னுட்டீங்க."

ஷேடு சார் ஒரு கப்பை எடுத்து மோந்தார். இன்னொன்றை எடுத்து மோந்தார். இப்போதும் எலுமிச்சைதான் அடித்தது. தன் மூக்கை நம்புவதா, மனைவியை நம்புவதா என்று தெரியாமல் வந்தவரைப் பார்த்தார்.

"நீங்க நல்லா இருக்குன்னு சொன்னீங்களே!"

"அவ்வளவு ஆசையா நீட்டினீங்க, இல்லேன்னு சொல்ல மனசு வரலீங்க" என்றார் அவர் கூச்சத்தோடு. "அதோட மரத்தூளும் வார்னிஷும் சேர்ந்து என் மூக்கு எப்பவோ போயிடுச்சு. உங்களுக்குமா?"

"மரத்தூளா? நீங்க பரிசுக் கடைக்காரர் இல்லையா?"

"அவர் சாயங்காலம்தாங்க வர்றார்" என்றாள் மனைவி. "இவர் தச்சு வேலைக்காரர். ரூமுக்கு அலமாரி அளவெடுக்க வரச் சொல்லியிருந்தேன்."

"எப்ப சொன்னே?"

"போன வாரமே சொல்லிட்டேன்."

"பந்தயமே இன்னிக்குக் காலையிலதானே கட்டினோம்!"

"ஆமாங்க. ஆனா நல்ல ஆள் கிடைக்கறது கஷ்டமாச்சே."

தச்சர் அறைக்குள் போய் மஞ்சள் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, ஒரு முனையை ஷேடு சாரிடம் நீட்டினார். "கொஞ்சம் அந்த மூலையில பிடிங்க அண்ணே." கையில் கொடுத்ததைப் பிடித்துக்கொண்டு அவர் தன் அறையின் மூலையில் நின்றார். தச்சர் அளவு சொல்லச் சொல்ல, பென்சில் சுவரில் கோடு போட்டது. சாய்வு நாற்காலி இருந்த இடத்தில்தான் முதல் கோடு விழுந்தது. வாண்டு எல்லாவற்றுக்கும் கை தட்டியது.

வேறு சமயமாக இருந்தால் சத்தம் போட்டிருப்பார். ஆனால் போன வாரம் வாண்டு இழுத்த துணியும், மனைவி பாய்ந்து பிடித்த பாத்திரமும் அவர் நினைவுக்கு வந்தன. குரலை இறக்கிக்கொண்டு கேட்டார்:

"சரி, விடு. ரூம் உனக்கே. ஆனா ஒரு மனுஷன் நிம்மதியா உக்கார ஒரு இடம் வேணாமா? நான் எங்கே போறது?"

மனைவிக்கே பாவமாகிவிட்டது. அருகில் வந்து, அவர் நெற்றியில் எப்படியோ ஒட்டியிருந்த 'மல்லிகை'யை உரித்துப் போட்டாள்.

"ஏங்க இப்படிக் கலங்கறீங்க? உங்களை நான் விட்டுடுவேனா? என் மெழுகுச் சாமானெல்லாம் நாளைக்கு இங்க வந்துடும். அப்புறம் அடுப்படி முழுசா உங்களுக்குத்தான்!"