தொடர்ச்சி ஏழாம் பக்கம்

வைத்தியர்களில் எத்தனையோ ரகம் உண்டு. நாடி பார்ப்பவர், ஊசி போடுபவர், மந்திரித்துத் தாயத்துக் கட்டுபவர் எல்லோரையும் உங்களுக்குத் தெரியும். நான் சொல்லப்போவது இன்னொரு ரகம். இவருக்கு போர்டு கிடையாது, படிப்பு கிடையாது, ஃபீஸும் கிடையாது. நோயாளியைக் கண்டால் நாக்கை நீட்டச் சொல்லமாட்டார். "கவலைய உடுங்க, வந்துட்சி!" என்பார். என்ன வந்துவிட்டது? போன வருஷம் காந்தப் படுக்கை. அதற்கு முந்தின வருஷம் ஏதோ ஒரு சீமைப் பழச்சாறு. இந்த 2007-இல் ஸ்டெம் செல். எது வந்தாலும் முதலில் இவரிடம்தான் வரும்.

எங்கள் ரயில் பெட்டியின் 'வந்துட்சி' வைத்தியர் குப்புராஜ். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக்கம்பி ஆலை ஒன்றில் ஸ்டோர் கீப்பர். நானும் அதே ஆலைதான், அதே லோக்கல்தான். சட்டைப் பையில் இரண்டு பொருள் இல்லாமல் அவர் வீட்டை விட்டுக் கிளம்பியதில்லை. ஒன்று, மாத்திரை அட்டை. மற்றொன்று, லேமினேட் செய்த பத்திரிகைத் துண்டு. 'தீராத நோய்களுக்குத் தீர்வு: ஸ்டெம் செல் அற்புதம்!' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு, அதன் மேலே பத்திரிகையின் பெயரும் தேதியும். எந்த உறுப்பாகவும் மாறக்கூடிய ஆதி உயிரணுக்களை உடம்பில் செலுத்தினால் கெட்டுப்போன கணையம் திரும்ப வேலை செய்யும், சர்க்கரை நோய் ஒழியும் என்று விஞ்ஞானிகள் நம்பிக்கை தெரிவித்தனர் என்பது வரை செய்தி. அதற்குக் கீழே பொடி எழுத்தில் 'தொடர்ச்சி 7-ஆம் பக்கம்'. அந்த ஏழாம் பக்கத்தில் அன்றைக்கே யாரோ பஜ்ஜி மடித்துவிட்டார்கள். துண்டின் பின்பக்கம் ஒரு கண்ணீர் அஞ்சலி விளம்பரம். அவசரத்தில் திருப்பிப் பிடித்துப் படித்த நோயாளிகள் சிலர் கொஞ்சம் கலங்கியதுண்டு.

மீஞ்சூரில் ஏறுகிறவர் முழங்காலைத் தடவிக்கொண்டே உட்கார்ந்தால் போதும், துண்டு வெளியே வரும். பொன்னேரிக்குள் அவருக்குப் புது முட்டி முளைத்துவிடும். கவரைப்பேட்டை வருவதற்குள் அவருடைய மாமியாரின் பக்கவாதம், மச்சானின் கிட்னி, பக்கத்து வீட்டுக்காரரின் கண் எல்லாம் வரிசையாகச் சரியாகிவிடும். எந்த ஆஸ்பத்திரியில் தருகிறார்கள் என்று கேட்டால் "அங்க குடுக்குறாங்க சார்" என்று வடக்கே கை காட்டுவார். அந்தத் திசையில் எனக்குத் தெரிந்து ஆந்திர எல்லை தாண்டிச் சூளூர்ப்பேட்டை ஸ்டேஷன்தான் இருக்கிறது.

சரி, பேசிவிட்டுப் போகட்டுமே, யாருக்கு நஷ்டம்? நானும் அப்படித்தான் நினைத்தேன். அதனால்தான் அவரை அமீருதீன் பாய் வீட்டுக்கு அழைத்துப் போனேன்.

பாய் பழவேற்காட்டுக்காரர். பொன்னேரி பஜாரில் கருவாட்டுக் கடை, அதை ஒட்டியே வீடு. பல வருஷமாகச் சர்க்கரை. இடது கால் சுண்டுவிரலில் ஒரு புண், ஆறவே இல்லை. தினம் இன்சுலின் போட்டுக்கொள்ளாவிட்டால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கருவாட்டு மூட்டையைத் தனியாளாகத் தூக்கும் பாய்க்கு ஊசி என்றால் நடுக்கம். நலம் விசாரிக்க நான் சாத்துக்குடி கொண்டுபோனேன். குப்புராஜ் துண்டைக் கொண்டுவந்தார்.

"இன்னா பாய், இதுக்குப் போய் பேஜாராயிக்கினு! வந்துட்சி பாய்! இப்ப ஊசி போட்டீங்கன்னா கணையம் சோம்பேறியாயிடும். அப்பால ஸ்டெம் செல்லு உள்ள போனாலும் வேல செய்யாது. ஆறே மாசம் தாக்குப் புடிங்க."

இது துண்டில் இருந்ததா? இல்லை. நான் மறுத்தேனா? முறுக்கைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன். பாய் ஆசைப்பட்டார் என்று துண்டுக்கு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தவனும் நான்தான்.

நாற்பது நாள் கழித்து பாயின் மனைவி ஹாஜிரா ஃபிரிட்ஜைத் துடைக்கும்போது, முட்டைத் தட்டுக்குப் பின்னால் இன்சுலின் பாட்டில்கள் மூடி திறக்காமல் நின்றிருந்தன. அதற்குள் விரல் கறுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

மறுபடியும் விசாரிக்கப் போனோம். காலில் பெரிய கட்டு. பாய் பாதியாகியிருந்தார். குப்புராஜ் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார். "வெரல்தானே பாய்! மொளைச்சிடும்! அதுவும் வந்துட்சி!"

ஹாஜிரா உள்ளே போய் ஒரு பழைய பத்திரிகைத் தாளோடு வந்தார். கருவாடு மடிக்க அவர்கள் பழைய பேப்பரைக் கட்டுக்கட்டாக வாங்கி வைப்பது வழக்கம். பாயின் தலையணைக்கடியில் இருந்த ஜெராக்ஸில் தேதியைப் பார்த்து, மூன்று நாளாகக் கட்டுகளைப் பிரித்துத் தேடி எடுத்திருக்கிறார். நெத்திலி வாசம் அடித்தது.

"ஏழாம் பக்கம்ணே. கொஞ்சம் சத்தமா படிங்க, அவரும் கேக்கட்டும்."

குப்புராஜ் படித்தார். எலிகளிடம் மட்டுமே சோதனை நடந்திருக்கிறது. மனிதர்களுக்குப் பயன்பட இன்னும் பல ஆண்டுகள் ஆகலாம். அதுவரை நோயாளிகள் இப்போதைய மருந்தை எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது. வரவரக் குரல் தேய்ந்தது. தாளை மடித்தார். பிறகு நிமிர்ந்தார்.

"இது பழைய பேப்பரும்மா."

சட்டைப் பையிலிருந்த துண்டுக்கும் அதே தேதிதான். ஹாஜிரா சண்டை போடவில்லை, டீ போட்டுக் கொண்டுவந்தார்.

"சக்கர போட்டுக்கீதாம்மா? வேணாம். எனக்கும் சுகர் கீது." குப்புராஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மாத்திரை அட்டையை எடுத்துப் பிதுக்கினார்.

"உங்களுக்கும் சுகரா? எத்தினி வருசமாண்ணே?"

"பன்னெண்டு வருசமா."

"ஒரு வேளயாச்சும் மாத்திரய நிறுத்தியிருக்கீங்களா?"

"அதெப்டிம்மா நிறுத்தறது? உசுரு சமாச்சாரமாச்சே!" என்று சொல்லி விழுங்கித் தண்ணீர் குடித்தார்.

அமீருதீன் பாய் அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்தார். நான் டீயைக் கீழே வைத்தேன். இன்றைக்கும் அந்தப் பக்கம் போனால் கடையைத் தாண்டும்போது தலை குனிந்துவிடுகிறது.

குப்புராஜுக்கு அந்தத் தொல்லை இல்லை. அடுத்த வாரமே லோக்கலில், மீஞ்சூரில் ஏறிய ஒருவருடைய முதுகுவலிக்குத் துண்டு வெளியே வந்தது. ஒரே ஒரு மாற்றம். 'தொடர்ச்சி 7-ஆம் பக்கம்' என்ற வரியைக் கத்தரித்துவிட்டு, புதிதாக லேமினேட் செய்திருந்தார்.

என்ன ஆள் இவர் என்று தலையில் அடித்துக்கொள்கிறீர்கள் அல்லவா? நல்லது. போன மாதம் உங்கள் சித்தப்பாவுக்கு ஒரு பத்திரிகைத் துண்டைக் கவரில் போட்டு அனுப்பினீர்களே, அதன் மிச்சம் எந்தப் பக்கத்தில் இருந்தது? பதில் எனக்கு வேண்டாம். இன்னொன்று மட்டும் சொல்லுங்கள். இன்றைய மாத்திரையைப் போட்டுக்கொண்டுதானே இதைப் படிக்க உட்கார்ந்தீர்கள்?