முழுங்கிடுச்சுக்காரர்

வாசகரே, ஆய்வகங்களில் வெள்ளை அங்கியோடு உலவும் ஓர் இனம் உண்டு. நான் அதற்கு வைத்திருக்கும் பெயர் முழுங்கிடுச்சுக்காரர். தடுப்பு மருந்தைக் கண்ணுக்குத் தெரியாத நுண்துகளில் பொதிந்து, அந்தத் துகளுக்குப் பச்சையாக ஒளிரும் சாயம் பூசி, நம் உடம்பின் நோய் எதிர்ப்புச் செல்கள் அதை விழுங்குகின்றனவா என்று பார்ப்பது இவர் தொழில். பார்ப்பதாவது! வராந்தாவில் நடந்து வரும்போதே, காப்பிக் கோப்பையைக் கீழே வைக்காமலே, நுண்ணோக்கியில் கண் வைப்பதற்கு முன்பே, "முழுங்கிடுச்சு!" என்று கூவிவிடுவார்.

செல்லுக்குள் பச்சை தெரியாத நாளில் சாயம் பழசு, செல் சோர்ந்துவிட்டது, விளக்கு மங்கல் என்று அதே சோதனையைப் பத்துத் தடவை செய்யச் சொல்வார். தெரிந்த நாளில்? "போதும்மா, படத்தை எடு!"

இவரிடம் ஒரு மாணவி. ஐந்து வருட உழைப்பு. இந்தச் சோதனையைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை வெளிவந்தால்தான் முனைவர் பட்டம். கட்டுரையை அனுப்ப வேண்டிய நாளன்று காலை, அவள் சும்மா இருக்கமாட்டாமல் அதே செல்களைப் பனிக்கட்டியில் வைத்துத் துகளைக் கொடுத்துப் பார்த்தாள். அந்தக் குளிரில் செல் எதையும் விழுங்காது. பச்சை தெரியக் கூடாது. தெரிந்தது! அதே பச்சை, அதே அளவு, ஜம்மென்று.

"சார், உள்ள போகல. வெளியிலதான் ஒட்டிக்கிட்டிருக்கு."

"ஐஸ் சரியில்லையோ என்னவோ."

"ஐஸ் எப்படி சார் சரியில்லாம போகும்?"

"உனக்குப் பட்டம் வேணுமா, வேண்டாமா?"

வேண்டும். எந்த மாதம் பட்டம் என்பது வரை அம்மாவிடம் சொல்லியாகிவிட்டது. ஆனாலும், "அப்ப என் பேரை எடுத்துடுங்க சார்" என்றாள்.

உழைத்தவள் பெயரே இல்லாமல் எப்படி அனுப்புவது? அனுப்பவில்லை. மனிதர் மூன்று வாரமாக அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பட்டம் ஒரு வருடம் தள்ளிப் போயிற்று. அவள் துகளுக்கு வேறு பூச்சு போட்டு முதலிலிருந்து தொடங்கியிருக்கிறாள். நினைத்தால் எனக்குப் பெருமையாகவும் இருக்கிறது, பாவமாகவும் இருக்கிறது.

அந்த மனிதர்மேல் உங்களுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது, இல்லையா? நியாயம்தான். ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் சொல்லுங்கள். எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறுகிறீர்கள். கூடுதலாகக் காட்டினால் செருப்பைக் கழற்றி, சாவிக்கொத்தை எடுத்து வைத்து, இயந்திரத்தையே நகர்த்திப் போட்டு இன்னொரு முறை ஏறுகிறீர்கள். குறைத்துக் காட்டினால்? என்றைக்காவது இரண்டாம் முறை ஏறியிருக்கிறீர்களா?