சாப்பாட்டு மேசையில் ஓர் இழுவைக்கப்பல்

அன்று காலை பல் விளக்கும்போதே கேப்டன் முடிவெடுத்துவிட்டார். கப்பலுக்கு எந்த மோட்டார் என்பதில் மனைவியின் பேச்சைக் கேட்கவே போவதில்லை. அவள் எதைச் சொன்னாலும் அதற்கு நேர்மாறு. உண்மையில் இது புது முடிவு அல்ல. கல்யாணமான மறுநாளே எடுத்தது. இப்போது கண்ணாடி முன் நின்று அதைப் புதுப்பித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

கேப்டன் என்பது அக்கம்பக்கத்தார் வைத்த பெயர். ஆள் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. வாழ்க்கையில் ஒரே ஒரு முறை கப்பலேறி, அந்தப் பயணம் முழுவதையும் ஒரு வாளிக்குள் தலையை விட்டபடி கழித்தவர். ஆனால் துறைமுகத்தில் மலை மாதிரிக் கப்பல்களைக் கயிறு கட்டி இழுத்துப்போகும் குட்டி இழுவைக்கப்பலைப் பார்த்துவிட்டால் வாய் பிளந்து நின்றுவிடுவார். அவ்வளவு சின்ன உடம்பில் அவ்வளவு பலம் எங்கிருந்து வருகிறது என்று மாய்ந்து மாய்ந்து போவார். கடைசியில் பலகை அறுத்து, ஒட்டி, தேய்த்துத் தானே ஒன்றைச் செய்துவிட்டார். கப்பல் ஓர் ஆள் நீளம் இருந்தது. வீட்டில் அது உட்கார இடம் சாப்பாட்டு மேசை ஒன்றுதான். எனவே கப்பல் மேசையில், சாப்பாடு மடியில் என்று வருஷங்கள் ஓடிவிட்டன.

அவர் மனைவி பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். பயந்து வாசலோடு திரும்பப் பார்க்கிறவர்களைப் பேசிப் பேசியே நாற்காலியில் சாய்த்துவிடுவது அவள் வேலை. இதைப் பற்றிக் கேப்டன் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

"ஏங்க, ஒரு பந்தயம்," என்றாள் அவள், மடியில் தட்டோடு. "பூங்கா ஏரியில நான் ஒரு துடுப்புப் படகுல உக்காந்துக்கறேன். உங்க கப்பல் என்னை அக்கரைக்கு இழுத்துட்டுப் போயிடுச்சுன்னா, இந்த மேசை காலத்துக்கும் உங்களுது. பாதியில நின்னுட்டா எனக்கு."

கேப்டனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. உடனே சம்மதித்தார்.

மோட்டார் கடைக்காரர் இரண்டு வழி சொல்லியிருந்தார். ஒன்று, உள்ளங்கையில் அடங்கும் மோட்டார். விர்ரென்று சுற்றும், தண்ணீரைத் தள்ளச் சின்ன விசிறி போதும், பேட்டரியும் லேசு. இன்னொன்று, பூசணி மாதிரி ஒரு மோட்டார். நிதானமாகச் சுற்றும். அதன் வேகத்தைப் பெல்ட் போட்டு இன்னும் குறைத்து, பெரிய விசிறியைத் திருப்ப வேண்டும். அதற்குக் கார் பேட்டரி இரண்டு வேண்டும்.

"சின்னதையே வாங்குங்க," என்றாள் மனைவி. "எவ்வளவு வேகம் பாருங்க. இன்னொன்னு கனம். முதுகு போயிடும்."

கேப்டன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். மேசையைப் பிடுங்கத்தானே இந்த யோசனை? சின்ன விசிறி தண்ணீரை நுரையாக்கும், படகை நகர்த்தாது. இது தெரியாதவரா அவர்? பூசணி மோட்டாரே வந்து சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் வெறும் கப்பலை அவரும் பக்கத்து வீட்டுக்காரரும் மூன்று மாடி இறக்கி ஏரிக்கரைக்குக் கொண்டுபோனார்கள். மோட்டாரையும் பேட்டரிகளையும் அங்கேதான் அடித்தட்டில் வைத்துப் போல்ட் போட்டார். மேல்தளத்தை மூடப்போகும்போது மனைவி எட்டிப் பார்த்தாள்.

"திறந்து மூடற மாதிரி வைங்க. ஒட்டிடாதீங்க. அப்புறம் பேட்டரிய எடுக்கணும்னா?"

"தண்ணி உள்ள போகணும்னு பாக்கறியா?" என்றார் கேப்டன். டப்பாவில் இருந்த பசை முழுவதையும் ஊற்றி ஒட்டினார். சார்ஜ் ஏற்ற வெளியே ஒரு சொருகி வைத்திருக்கிறார், வேறென்ன வேண்டும்?

பசை காய்ந்ததும் கயிறு கட்டியாயிற்று. மனைவி படகில் குடையோடு ஏறி உட்கார்ந்தாள். கேப்டன் ரிமோட்டை அழுத்தினார். கப்பலின் பின்னால் தண்ணீர் ஒரு முறை புரண்டது. கயிறு மெல்ல நிமிர்ந்தது, விறைத்தது, சொட்டுச் சொட்டாக நீரை உதறியது. ஒன்றும் நடக்கவில்லை. பிறகு படகு நகர்ந்தது.

சத்தமே இல்லை. அவ்வளவு பெரிய படகையும் அதற்குள் ஒரு முழு மனுஷியையும் இழுத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது அந்தக் குட்டிக் கப்பல். கரையில் நடந்துகொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். படகுத்துறைக்காரர் டிக்கெட் கிழிப்பதை மறந்துவிட்டார். தன் கையால் தேய்த்த பலகையா இது? கேப்டனுக்கே நம்ப முடியவில்லை. அக்கரையில் படகு முட்டி நின்றபோது அவர் அழுதுகொண்டிருந்தார்.

அவர் கரையைச் சுற்றி ஓடிவரும்வரை மனைவி படகை விட்டு இறங்கவில்லை. அந்தக் கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க செஞ்சதுங்க இது," என்றாள் மெதுவாக. அதில் கேலி இல்லை. அவள் கண்ணும் கலங்கியிருந்தது. "மேசை உங்களுதுதான்."

கப்பலைக் கரையேற்ற நாலு பேர் வேண்டியிருந்தது. கேப்டன் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"எப்படியாவது வீட்டுக்கே கொண்டுபோயிடணுங்க," என்றாள் மனைவி. "படகுத்துறைக்காரரு அவரு கொட்டகையில இடம் தர்றேங்கறாரு. அதெல்லாம் வேண்டவே வேண்டாம்."

"கொட்டகையிலதான் இருக்கும்," என்றார் கேப்டன், ஜெயித்தவனின் குரலில்.

வீடு திரும்பினார்கள். மேசை வெறுமையாக, அகலமாக இருந்தது. மனைவி அதைத் துடைத்து, அலமாரியிலிருந்து விரிப்பை எடுத்து விரித்தாள். விரிப்பு புதுசு. அளவெடுத்துத் தைத்த மாதிரி மேசைக்குப் பொருந்தியது. இரண்டு தட்டு வைத்தாள்.

"உங்க மேசையில நான் உக்காந்து சாப்பிடலாமாங்க?"

கேப்டன் உட்கார்ந்தார். மூன்றாவது வாய் உள்ளே போகும்போது ஒவ்வொன்றாகப் புரிய ஆரம்பித்தது. கனமான மோட்டார். பசை. கொட்டகை. அக்கரைக்குப் போய்ச் சேர்ந்தது அவர் கப்பல் மட்டுமல்ல. எதிரே குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவளைப் பார்த்தார். அவ்வளவு சின்ன உடம்பு. சத்தமே இல்லாமல் எவ்வளவு பெரிய பாரத்தை, எவ்வளவு காலமாக இழுத்துக்கொண்டு போகிறாள். கோபமே வரவில்லை. ஏரிக்கரையில் நின்ற அதே பிரமிப்புதான் வந்தது.

அங்கேயே புது முடிவு எடுத்தார். இனி அவள் என்ன சொன்னாலும் அப்படியே கேட்பது. அதற்கு மேல் என்ன செய்வாள், பார்த்துவிடலாம்.

"ஏங்க," என்றாள் மனைவி, நிமிராமல். "அடுத்த கப்பலையும் இந்த மேசையிலயே ஆரம்பிச்சிடுங்களேன்."

"முடியவே முடியாது," என்றது கேப்டனின் வாய்.