பதினேழு கேள்விகளும் 212 ஆணிகளும்

எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியாது. விழுப்புரத்தில் பஸ் ஏறினால், திண்டிவனம் வருவதற்குள் எத்தனை வேகத்தடை என்று சொல்லிவிடுவேன் (யாரும் கேட்கமாட்டார்கள், இருந்தாலும் சொல்வேன்). என் கடையைச் சாப்பிட்டது இந்த வியாதிதான்.

திண்டிவனத்தில் பத்தொன்பது வருஷமாக, சாமி படங்களுக்கும் கல்யாண போட்டோக்களுக்கும் பிரேம் போட்டுக்கொண்டிருந்தேன். வாடகைக் கடை. கட்டட ஓனர் விழுப்புரத்துக்காரர். எப்போதாவது வருவார், வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போவார். அவர் திடீரென்று என்னைக் காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டார்.

பிராதைப் படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பிரதிவாதி கட்டடத்தைப் பலவிதமாகச் சேதப்படுத்தியும், அனுமதியின்றிப் பல மாற்றங்கள் செய்தும் வருகிறார்." இரண்டு பக்கத்தில் ஏழு 'பல'. ஓர் எண்கூடக் கிடையாது!

என் வக்கீலுக்கோ ஒரே சந்தோஷம்.

"ஓட்டைப் பிராது சார் இது. எது, எப்போன்னு ஒண்ணுமே சொல்லல. மறுக்கிறோம்னு ஒரு வரி போட்டுட்டு சும்மா உக்காந்துக்கினு இருப்போம். நிரூபிக்கிறது அவங்க பாடு."

"அதெப்படிங்க? பலன்னா எத்தன? அவரு சொல்லியே ஆவணும்."

"சொல்லிட்டார்னா நமக்குத்தான் சார் பேஜாரு."

நான் விடவில்லை. பிராது தெளிவாக இல்லையென்றால் விவரம் கேட்டு மனுப் போடலாமாம். கடையைப் பூட்டிவிட்டு மூன்று நாள் உட்கார்ந்து நானே எழுதினேன். பதினேழு கேள்விகள். என் மனைவி சரோஜா வாங்கிப் படித்தாள்.

"பின்னாடி செவுத்த ஒடச்சு ஜன்னல் வச்சது ஓனருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்புறம் நீங்க ஏன் சொல்றீங்க?"

"சொல்லலடி. கேக்குறேன்."

வக்கீல் படித்தாரா என்று தெரியவில்லை. அன்று அவருக்கு நாலு வாய்தா.

கோர்ட்டில் நீதிபதி என் மனுவை வாய்விட்டே படித்தார். "வாதி சேதம் என்று சொல்வது தெற்குச் சுவரில் அடித்துள்ள 212 ஆணிகளையா? மாற்றம் என்பது பின்சுவரை மூன்றடிக்கு இரண்டடி உடைத்து வைத்த ஜன்னலையா? அல்லது தடுப்புச் சுவரில் நாலடியை இடித்ததையா?"

"ஜன்னலா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. ஓனர்தான். அவருடைய வக்கீல் பேனாவைத் திறந்தார். என் வக்கீல் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்யத் தொடங்கியவர் நிமிரவே இல்லை.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "எல்லா விவரமும் நீங்களே சொல்லிட்டீங்களே. அவர்கிட்ட இன்னும் என்ன வேணும்?"

"இன்னும் பதினாலு கேள்வி இருக்குங்கய்யா."

மனு அனுமதிக்கப்பட்டது. அந்த வழக்கில் நான் ஜெயித்தது அது ஒன்றுதான்.

அடுத்த வாய்தாவுக்குத் திருத்திய பிராது வந்தது. என்னுடைய பதினேழும் அதே வரிசையில், அதே எண்களோடு இருந்தன. 'பல' ஒன்றுகூட இல்லை. உண்மையைச் சொன்னால், படிக்கத் தெளிவாகவே இருந்தது. கோர்ட் அனுப்பிய கமிஷனர் கடைக்கு வந்து ஜன்னலை அளந்தபோது, டேப்பின் மறுமுனையை நான்தான் பிடித்துக்கொண்டேன் (தப்பாக அளந்துவிட்டால்?).

மூன்று மாதத்தில் காலி செய்யச் சொல்லித் தீர்ப்பானது.

கடைசி நாள் ஆணிகளைப் பிடுங்கி எண்ணினேன். 211. மறுபடி எண்ணினேன். 211. வக்கீலுக்குப் போன் போட்டேன்.

"சார், கோர்ட்ல ஒரு ஆணி அதிகமா சொல்லிட்டோம். திருத்தம் போடணும்."

"தயவு செஞ்சு போன வைங்க சார்."

இப்போது கடை விழுப்புரத்தில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. சுவரில் ஓர் ஆணிகூடக் கிடையாது. படங்களெல்லாம் கயிற்றில் தொங்குகின்றன. எனக்குச் சர்க்கரை வந்துவிட்டதால் வீட்டில் இனிப்பை மட்டும் ஒளித்துவைக்கிறார்கள். போன வாரம் சரோஜா இனிப்பு டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "இன்னாது, ஏதோ கொறையற மாரி இருக்குதே?" என்றாள்.

"எதைச் சொல்ற? மூணு ஜாங்கிரியையா?" என்று கேட்டேன்.

மகள், மருமகன், பேத்தி என்று வீட்டிலிருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்: "மனு அனுமதிக்கப்பட்டது!"